பஸ்ஸை விட்டு இறங்கினால் எந்தப் பக்கம்?

நாகராஜன் சாதி பார்ப்பவர் இல்லை. மெல்போர்னின் மேற்கே இருக்கும் தமிழர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். அவரே சொல்லியிருப்பதால் அவர்களுக்கு இதில் சந்தேகம் கிடையாது. அவர் ஊர் மட்டும்தான் கேட்பார்.

விமலாதேவியிடமும் அதைத்தான் கேட்டார். வெரிபீயைத் தாண்டி, சமீபகாலம்வரை முட்டைக்கோஸ் விளைந்துகொண்டிருந்த நிலத்தில் லாரல் க்ரீக் என்றொரு குடியிருப்பு எழும்பியிருந்தது. அங்கே அவருக்கு இரண்டு வீடுகள். ஒன்றில் அவர் இருந்தார். எதிர்ச்சாரியில் இருந்த மற்றது வாடகைக்கு வந்திருந்தது. ஏஜென்ட் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்தவர்கள் வீட்டைப் பார்த்தார்கள். வந்தவர்களை நாகராஜன் பார்த்தார்.

விமலாதேவிக்கு அந்த வீடு வேண்டும். அவர்கள் குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். மகள் அக்ஷராவின் பள்ளி இந்தத் தெருவின் கோடியில் இருந்தது. அக்ஷரா புது இடத்தில் எளிதில் வாய் திறக்காத பிள்ளை. வேலைக்காக ஊர் மாறி ஊர் மாறி, ஏழு வயதுக்குள் இது மூன்றாவது பள்ளி. முதல் இரண்டிலும் அவள் பேசியதே இல்லை. இங்கேதான், போன மாதம், டீச்சரிடம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டுமா என்று கேட்டிருந்தாள். டீச்சர் அன்று மாலையே போன் செய்து அதைச் சொன்னாள். விமலாதேவி, தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், கையுறையைக் கழற்றாமலே, அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

வீட்டின் முன்னறை சிறியது. காலை வெயில் நேராக உள்ளே வந்தது. அக்ஷராவுக்கு இது என்று அவள் மனத்துக்குள் ஒதுக்கிவிட்டாள். அப்போதுதான் நாகராஜன் பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்த ஊரும்மா?"

"செஞ்சி பக்கம் அங்கிள்."

"செஞ்சின்னா, டவுனா?"

"இல்ல அங்கிள். மேல்நெடுங்கல்."

அவர் முகம் மலர்ந்தது. மேல்நெடுங்கல் அவருக்குப் பக்கத்து ஊர். ஏரியைச் சொன்னார், மாரியம்மன் கோயிலைச் சொன்னார், இப்போது இல்லாமல் போன டூரிங் கொட்டகையைச் சொன்னார். விமலாதேவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு அவர், நேரம் என்ன என்று கேட்பதுபோலக் கேட்டார்.

"பஸ்ஸை விட்டு இறங்கினா எடது பக்கமா, வலது பக்கமா?"

மேல்நெடுங்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கினால் இடப்பக்கம் கோயில், கடைவீதி, தெருக்கள். வலப்பக்கம் வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டினால் காலனி. நுண்ணுயிரியல் படித்து, பரீட்சைகள் எழுதி, விசா வாங்கிக் கடல் தாண்டி வந்த பிறகு இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அதனால் யோசிக்கும் முன்பே வாய் பதில் சொல்லிவிட்டது.

"வலது பக்கம்."

நாகராஜன் முகம் மாறவில்லை. அவர் பண்பானவர். வெயிலாக இருக்கிறதே, தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார். முன்னால் வந்தவர்கள் காபி குடித்த எவர்சில்வர் தம்ளர்கள் மேடையில் இருந்தன. அவளுக்குத் தண்ணீர் பேப்பர் கப்பில் வந்தது.

அன்று மாலை, வீடு வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று ஏஜென்டிடமிருந்து செய்தி வந்தது. விளம்பரம் அப்படியே இருந்தது. அடுத்த வாரம் வாடகையைக் குறைத்தார்கள். அதற்கடுத்த வாரம் இன்னும் குறைத்தார்கள்.

இந்த இடத்தில் லாரல் க்ரீக் நகரசபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாநிலத்திலேயே அந்த ஒரு நகரசபையிடம்தான் சாதியைப் பற்றி ஒரு சட்டம் இருந்தது. ஒரே வாக்கியம்: சாதி காரணமாக எவருக்கும் வீடு மறுக்கக் கூடாது. அதைக் கொண்டுவந்தவர் கவுன்சிலர் அரியரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கணக்காளர். மற்ற கவுன்சிலர்களுக்குச் சாதி என்றால் என்னவென்று தெரியாது. பச்சைக் குப்பைத் தொட்டித் தீர்மானத்துக்கு அவர் கை தூக்கியிருந்தார், அதனால் இதற்கு அவர்கள் தூக்கினார்கள்.

விமலாதேவி தயங்கித் தயங்கி அவரைப் பார்க்கப் போனாள். அவள் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சந்தோஷம் ஏறிக்கொண்டே போனது.

"பிள்ளை, நீங்கள்தான் முதல் ஆள். சட்டம் போட்டும் ஒருத்தரும் வரேல்லை. எனக்குப் பெரிய கவலையாக் கிடந்தது."

நகரசபை விசாரித்தது. வெள்ளிக்கிழமைக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும், தவறினால் அபராதம் என்று நாகராஜனுக்கு உத்தரவு போனது. அவர் கோபப்படவில்லை. போனில் கூப்பிட்டு, நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே கொடுத்திருப்பேனேம்மா என்று வருத்தப்பட்டார். எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று விமலாதேவிக்கு விளங்கவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை நகரசபை முன்னால் ஒரு விழா நடத்தினார்கள். சமோசா இருந்தது. அட்டையில் வெட்டித் தங்கத்தாள் ஒட்டிய பெரிய சாவி ஒன்றை அக்ஷராவின் கையில் கொடுத்தார்கள். ஒரு பக்கம் மேயர், மறுபக்கம் அரியரத்தினம். போட்டோ எடுத்தார்கள். மறுநாள் அக்ஷரா வகுப்பில் எழுந்து நின்று, தானாகவே, எனக்கு ஓர் அறை வரப்போகிறது என்று சொன்னாளாம். டீச்சர் மறுபடியும் போன் செய்தாள்.

வியாழக்கிழமை மாநில அரசு சமத்துவ ஒருமைச் சட்டத்தை நிறைவேற்றியது. மாநிலம் தடுக்காத எந்தப் பாரபட்சத்தையும் எந்த நகரசபையும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். தடுத்திருந்தால் அந்தத் தடை அன்றே செல்லாது. அந்தச் சட்டத்தை நடத்த ஓர் ஆணையமும், ஆணையத்தை விளக்க ஒரு துணை ஆணையரும் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள்.

துணை ஆணையரின் பெயர் லின்டா ஹார்க்ரீவ்ஸ். அவர் லாரல் க்ரீக் சமூகக் கூடத்துக்கே நேரில் வந்தார். முதலில், இங்கே எந்தக் கூட்டத்திலும் வழக்கம்போல, இந்த மண்ணின் மூத்த உரிமையாளர்களான பழங்குடிகளுக்கு மரியாதை செலுத்தினார். இந்த நிலம் யாராலும் ஒருபோதும் விட்டுக்கொடுக்கப்படவில்லை என்று தழுதழுத்த குரலில் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நாகராஜன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எல்லோரும் உட்கார்ந்து, நிலத்தில் கட்டிய வீடுகளின் உரிமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

"லாரல் க்ரீக்கில் ஒருவருக்குச் சாதியால் வீடு மறுக்கப்பட்டால் அவருக்குப் பாதுகாப்பு இருந்தது," என்றார் ஹார்க்ரீவ்ஸ். "நகரத்தின் மறுகோடியில், ஸ்பிரிங்வேலில் அதே போல மறுக்கப்பட்டவருக்கு இல்லை. யோசித்துப் பாருங்கள், ஸ்பிரிங்வேல்காரர் என்ன பாவம் செய்தார்? மறுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே இப்படி ஒரு பாரபட்சம் இருப்பதை இந்த அரசு சகித்துக்கொள்ளாது. அதை ஒழித்துவிட்டோம். இனி இருவருக்கும் இல்லை."

கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் பலமாக வந்தது.

வெளியே கார்கள் நிற்குமிடத்தில் அரியரத்தினம் விமலாதேவியின் தோளைத் தட்டினார். "சட்டம் போனா போகட்டும் பிள்ளை. படம் கிடக்குதுதானே." அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தன் அலுவலகத்தில் மாட்டப்போவதாகச் சொன்னார். பிறகு அப்படியே மாட்டவும் செய்தார். இன்றைக்கும் போனால் பார்க்கலாம்.

ஆனால் ஆணையம் இரக்கமற்றது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பாதியில் நின்ற வழக்குகளுக்கு ஒரு விசாரணை வைத்தார்கள். மாநிலம் முழுவதற்கும் பாதியில் நின்றிருந்தது இந்த ஒரு வழக்குதான். விமலாதேவிக்கு மெல்போர்ன் நகரத்தில், உயரமான ஒரு கட்டிடத்தின் மேல்மாடியில் நேரம் கொடுத்தார்கள். கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். அதில் அவள் பெயர் இல்லை. பட்டு அறிந்தவர்களுக்கு ஆணையம் வைத்திருந்த பெயர், வாழ்ந்த அனுபவம் என்று போட்டிருந்தது. எனக்கு ஆங்கிலம் வரும் என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். விதி விதிதான் என்று தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். வணக்கம் சொன்ன கையோடு அந்தக் குரல், "நீங்க எந்த ஊரு மேடம்?" என்று கேட்டது. அது மொழிபெயர்ப்பில் சேராது என்று ஹார்க்ரீவ்ஸ் சொல்ல வேண்டியதாயிற்று.

மாநிலத்தின் பட்டியலில் தடைசெய்யப்பட்ட காரணங்கள் வரிசையாக இருந்தன. சாதி இல்லை. இருப்பவற்றில் ஏதாவது ஒன்றில் அவளைப் பொருத்திவிட முடியுமா என்று ஆணையம் உண்மையாகவே முயன்றது. இனம் என்று பார்த்தார்கள். இருவரும் தமிழர்கள், தள்ளுபடி. மதம் என்று பார்த்தார்கள். இருவரும் சிட்னி பக்கத்து ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய் அதே பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தவர்கள், தள்ளுபடி. உடல் தோற்றம் என்று பார்த்தார்கள். விமலாதேவியையும், விசாரணைக்கு வந்திருந்த நாகராஜனையும் வெள்ளைச் சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். நாகராஜன்தான் கறுப்பு. ஆகவே பாரபட்சம் நடந்திருந்தால் அது அவருக்கு எதிராகத்தான் நடந்திருக்க முடியும் என்று முடிவாகி, அவர் கையில் உதவி எண்கள் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

கடைசியாகப் பெற்றோர் என்ற சொல் ஓரிடத்தில் இருந்தது. ஹார்க்ரீவ்ஸ் அதை விரலால் தொட்டுக்கொண்டு கேட்டார்.

"உங்களுக்குப் பெற்றோர் இருந்ததால் வீடு மறுக்கப்பட்டதா?"

விமலாதேவி யோசித்தாள். "இருந்ததால இல்ல. அவங்களா இருந்ததால."

மொழிபெயர்ப்பாளர் அதை இரண்டு முறை சொன்னார். ஹார்க்ரீவ்ஸ் வருத்தத்தோடு தலையசைத்தார். இந்தப் பிரிவு பெற்றோராக இருப்பவர்களுக்கானது, பெற்றோருக்குப் பிறந்தவர்களுக்கு இது உதவாது என்றார்.

அடுத்து நிபுணர் கருத்து. இதற்கென்று சமூக ஆலோசனைக் குழு ஒன்று இருந்தது. அதன் தலைவர் நாகராஜன். வழக்கில் சம்பந்தப்பட்டவரே எப்படி நிபுணராக இருக்க முடியும் என்று விமலாதேவி மெல்லிய குரலில் கேட்டாள். சம்பந்தப்பட்டவர் என்பதால்தான் அவருக்கு விஷயம் முழுதாகத் தெரியும் என்று ஆணையம் விளக்கியது. நாகராஜன் எழுந்தார், மேஜையைச் சுற்றிக்கொண்டு போனார், ஹார்க்ரீவ்ஸுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இந்த நாட்டுல நம்ம ஆளுங்ககிட்ட சாதியே கிடையாதுங்க," என்று தமிழில் ஆரம்பித்தார். மொழிபெயர்ப்பாளருக்கும் வேலை இருக்கட்டும் என்று. "இங்க வர்ற ஒவ்வொருத்தரையும் நானே நேர்ல விசாரிச்சிருக்கேன். எங்க சங்கத்துல முந்நூறு குடும்பம். ஒரு தகராறு வந்ததில்ல. ஏன்னா எல்லாரும் எடது பக்கம்தான்."

இடது பக்கம் என்றால் என்ன என்று ஹார்க்ரீவ்ஸ் கேட்டார். நாகராஜன் விளக்கினார். பஸ் நிற்கும் இடம், கோயில், வாய்க்கால் எல்லாவற்றையும் மேஜையில் விரலால் வரைந்து காட்டினார். காலையிலிருந்து சோர்ந்திருந்த ஹார்க்ரீவ்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாதியைப் பற்றி அவர் படித்த அறிக்கைகள் எல்லாம் அது சிக்கலானது, ஆழமானது, ஆயிரம் அடுக்கு உள்ளது என்றே சொல்லியிருந்தன. இங்கே ஒரு மனிதர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். பதிலும் இரண்டே இரண்டு.

தீர்ப்பு அன்றே வந்தது. இல்லாத ஒன்றைத் தடுக்க முடியாது. இருக்கிறதா என்று தெரிய எண்ண வேண்டும். எண்ணுவதற்குக் கேட்க வேண்டும். ஆகையால் போதுமான தகவல் சேரும்வரை, மாநிலத்தில் வாடகைக்கு வீடு தேடும் ஒவ்வொருவரிடமும், ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எந்தப் பக்கம் என்று கேட்கப்படும். பாதுகாப்பு பற்றி அதற்குப் பிறகு பரிசீலிக்கப்படும். விமலாதேவியின் துணிச்சல் இல்லாவிட்டால் இந்த முன்னேற்றம் சாத்தியமாகியிருக்காது என்று தீர்ப்பின் முடிவில் ஒரு வரி இருந்தது.

கூட வந்திருந்த கணவன் ஜெகதீஷோடு அவள் ரயிலில் திரும்பினாள். வெரிபீ வந்ததும், "வேற வீடு பாக்கலாம், விடு" என்றான்.

பார்த்தார்கள். அதற்குள் கேள்வி மாநிலமெங்கும் பரவிவிட்டது. எல்லோரிடமும் கேட்டதால் யாரும் குறை சொல்ல முடியவில்லை. ஜீலாங்கில் பிறந்து வளர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, பஸ்ஸில் போய் நெடுநாளாயிற்று என்று சொல்லி அழுதாளாம். அடையாற்றில் பிறந்த ஒரு கணினிப் பொறியாளர், தன் வீடு நிறுத்தத்துக்கு வலப்பக்கம் இருந்த ஒரே காரணத்தால் வலப்பக்கத்தவர் ஆனார். அவர் மாமனார் சென்னையிலிருந்து விமானம் ஏறி வந்து, எதிர்த்திசை பஸ்ஸில் வந்தால் அது இடப்பக்கம் என்று நிரூபித்துவிட்டுப் போனார். முன்மாதிரியாக இருக்கட்டும் என்று அரியரத்தினத்திடமும் கேட்டார்கள்.

"ரெண்டு பக்கமும் எங்கட காணிதான்," என்றார் அவர். கேள்வியின் உள்ளர்த்தம் அவருக்கு நன்றாகவே தெரியும். அவருக்காக இருபக்கத்தவர் என்று தனிப் பிரிவு ஒன்று உண்டாக்கினார்கள். அதில் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

பதில்கள் வீட்டு உரிமையாளர்களுக்குப் போயின. முன்பு நாகராஜன் போன்றவர்களுக்கு மட்டுமே வலப்பக்கத்தின் பொருள் தெரியும். இப்போது யாருக்கும் பொருள் தெரிய வேண்டியதில்லை. நல்லவராகத் தெரிந்த ஒரு கிரேக்க வீட்டுக்காரர், விமலாதேவியின் சம்பளத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டு, அக்ஷராவுக்கு பிஸ்கட் கொடுத்து, பிறகு திரையில் அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் அரசாங்கமே தனியாகக் குறித்து வைக்கிறது என்றால் ஏதாவது இருக்கும் என்றார்.

கடைசியில் பல்லாரட் போகும் சாலையில், குதிரை வளர்க்கும் ஒரு கிழவரிடம் இரண்டு அறைகள் கிடைத்தன. அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை. அங்கிருந்து லாரல் க்ரீக் பள்ளிக்குக் காரில் போகவே காலை முழுதும் தீர்ந்தது. விமலாதேவி பரிசோதனைக் கூடத்துக்குத் தினமும் தாமதமாகப் போனாள். பக்கத்திலேயே வேறு பள்ளியில் சேர்க்கலாம் என்று ஜெகதீஷ் ஒருநாள் சொன்னபோது, பின்சீட்டில் இருந்த அக்ஷரா பேச்சை நிறுத்தினாள். மூன்று நாள் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அதன்பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வீடு தேடுவோரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பதிய, ஆணையம் மேற்குப் பகுதிக்கு ஒரு கேட்பு நிலையம் திறந்தது. நாகராஜனின் எதிர்ச்சாரி வீடு இன்னும் காலியாகத்தான் இருந்தது. ஆணையம் அதை இரட்டை வாடகைக்கு எடுத்தது. தமிழ் தெரிந்த, வாழ்ந்த அனுபவம் உள்ள ஒருவர் வேண்டும் என்று ஹார்க்ரீவ்ஸே விமலாதேவியைக் கூப்பிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

"நீ போகலன்னா வேற யாராவது போவாங்க," என்றான் ஜெகதீஷ். "பாப்பா ஸ்கூல் அதே தெருவுலதான் இருக்கு."

அவள் போனாள். முன்னறையில் அவளுக்கு மேஜை போட்டிருந்தார்கள். காலை வெயில் நேராகத் திரையில் விழுந்ததால் அறைக்குத் திரைச்சீலை மாட்டினார்கள். பள்ளி விட்டதும் அக்ஷரா வாசற்படியில் உட்கார்ந்து காத்திருப்பாள். பணியாளரின் பிள்ளைகள் உள்ளே வர அனுமதி இல்லை. முதல் நாள் மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மை ரூம்ல ஏம்மா டேபிள் போட்டுட்டாங்க?" என்று கேட்டாள். பிறகு கேட்கவில்லை. எதிர்வீட்டில் நாகராஜன் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே அவளுக்குக் கை காட்டுவார். அவளும் காட்டுவாள்.

வேலை சுலபம். கேள்வியைக் கேட்க வேண்டும், பதிலைத் தொட வேண்டும். பதிலை மட்டும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. ஸ்பிரிங்வேல் நிலையத்தில் ஒரு பெண் யாருக்கோ சொல்லிக்கொடுத்தாள் என்று அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் இளம் தம்பதி ஒன்று வந்தது. ஊரிலிருந்து வந்து சில மாதம்தான் ஆகியிருக்கும். அந்தப் பெண்ணுக்கு வயிறு தெரிந்தது. வாடகைக்கு வந்திருப்பது இந்த வீடுதான் என்று அவர்கள் தப்பாக நினைத்துவிட்டார்கள். அவள் திரைச்சீலையை விலக்கி வெயிலைப் பார்த்தாள். புருஷனைத் திரும்பிப் பார்த்து, "பொறக்கப்போற பாப்பாவுக்கு இந்த ரூம்," என்றாள்.

"இது ஆபீஸும்மா," என்றாள் விமலாதேவி. "உக்காருங்க."

ஊர் கேட்டாள். திருவண்ணாமலைக்கு இந்தப்புறம், ஒரு கிராமம் சொன்னாள் அந்தப் பெண். விமலாதேவி அடுத்ததைக் கேட்டாள்.  புருஷன் தன் ஷூவைப் பார்த்தான். அறையில் கேமரா எதுவும் இல்லை. பெண் மேஜைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, எந்தப் பக்கம் சொன்னா வீடு கிடைக்கும்?"

விமலாதேவி ஜன்னலைப் பார்த்தாள். தெருக்கோடியில் பள்ளியின் இரும்புக் கதவைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"அத நான் சொல்லக் கூடாதும்மா. உங்க ஊர்ல எந்தப் பக்கமோ அதையே சொல்லுங்க."

"வலதுக்கா."

விமலாதேவி வலதைத் தொட்டாள். திரை தமிழில் நன்றி சொன்னது. அவள் முகம் மாறவில்லை. வெயிலாக இருக்கிறதே, தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். சமையலறை மேடையில் ஆணையம் அனுப்பிய பேப்பர் கப்புகள் ஓர் அடுக்கு இருந்தன. அதில் ஒன்றை எடுத்தாள்.